ஐஸ் தண்ணி குடித்த தொண்டை

குடும்ப மருத்துவர்களுக்கென்றே நடத்தப்படும் இதழ் ஒன்று எனக்கு மாதாமாதம் தபாலில் வரும். விழுப்புரத்திலிருந்து வளவனூரில் உள்ள என் கிளினிக்குக்குப் பஸ்ஸில் போகும்போது படிப்பேன். கடைசியில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருப்பார்கள். என் விடை தப்பாகிவிட்டால் அன்று முழுக்க நர்ஸுக்குத்தான் திட்டு விழும்.

அந்த மாதம், குரல் கம்மிய ஒரு பெண். காய்ச்சல் இல்லை. மாத்திரை கொடுத்து அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். அவள் கழுத்தை யாரோ நெரித்திருக்கிறார்கள். வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம், உள்ளே வீங்கிச் சில மணி நேரம் கழித்து மூச்சடைத்துச் சாகலாம், வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று எழுதியிருந்தது. கேட்க வேண்டிய கேள்விகளும் இருந்தன. அதில் ஒன்றைக் கேட்க எனக்கே கூசியது. நான் படித்த காலத்தில் கழுத்து நெரிபட்டவர்களைப் பிணவறையில்தான் காட்டினார்கள். உயிரோடு எதிரே வந்து உட்காருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். புருஷன்தான் பேசினான்.

"ஐஸ் தண்ணி குடிச்சிட்டு தொண்ட கட்டிக்கினு கீறா டாக்டரம்மா. ஒரு ஊசி போட்டு வுடுங்க, ஜல்தியா போவணும்."

ஊரில் எல்லாவற்றுக்கும் ஊசிதான். அவள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். எச்சிலை விழுங்காமல் துண்டில் துப்பிக்கொண்டே இருந்தாள். கண்ணின் வெள்ளையில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். கழுத்து நெரிபட்டதற்கு இதழில் போட்டிருந்த அதே அடையாளம். பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி அவனை வெளியே அனுப்பினேன்.

"கழுத்தப் புடிச்சாராம்மா?"

தரையைப் பார்த்தாள். அந்தக் கூசிய கேள்வியையும் கேட்டேன்.

"அந்த நேரத்துல உனக்குத் தெரியாமலே ஒண்ணுக்குப் போயிடுச்சா?"

அவள் முகம் கோணியது. குரல் வெறும் காற்றாக வந்தது. "பொடவ நனஞ்சிடுச்சுங்க. பாயி நாறுதுன்னு அதுக்கும் ஒதச்சாரு."

அப்படிப் போயிருந்தால் சாவின் விளிம்புவரை நெரித்திருக்கிறான் என்று அர்த்தம். 108-க்குப் போன் போடும்படி நர்ஸிடம் சொன்னேன். அது அவன் காதில் விழுந்துவிட்டது. கதவை உதைத்துக்கொண்டு வந்தான்.

"ஒரு ஊசி போடத் துப்பில்ல, ஆம்புலன்ஸ் கூப்புடுறியா?"

மேசையைக் கவிழ்த்தான். மருந்துப் பாட்டில்கள் உடைந்து சிதறின. அவள் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். குறுக்கே போனேன். என் கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து முறுக்கினான். கண் இருட்டியது. நர்ஸ் குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தூக்கி அவன் முதுகில் அடித்த பிறகுதான் பிடி விட்டது. எதிர் டீக்கடையிலிருந்து ஓடி வந்தவர்கள் அவனை ரோட்டுக்கு இழுத்துப் போய் மொத்தினார்கள். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. நான் தடுக்கவில்லை. இன்னும் நாலு போடட்டும் என்றுதான் இருந்தது.

அவளோடு நானே ஆம்புலன்ஸில் ஏறினேன். பாதி வழியில் மூச்சு விசில் அடிப்பதுபோல இழுக்க ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். ஊசி போட்டு அனுப்பியிருந்தால் வீட்டிலேயே செத்திருப்பாள்.

கேஸ் நடக்கிறது. அவள் இப்போது திண்டிவனத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள். புண் ஆறியதும் என்னைப் பார்க்க வந்தாள். குரல் இன்னும் கரகரப்புதான்.

"நீங்க கேக்கறதுக்கு முன்ன நானு வாயே தொறக்கலியே. பொடவ நனஞ்சது உங்களுக்கு எப்பிடிங்க தெரிஞ்சுது?"

மேசையில் கிடந்த இதழைக் காட்டினேன். "இதுல போட்டிருந்தாங்கம்மா. படிச்சேன், கேட்டேன்."

இங்கிலீஷ் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். "புக்குல போடுற அளவுக்கா நடக்குது? எனக்கு மட்டுந்தான்னு வாயப் பொத்திக்கினு இருந்தேனே."

"நெறைய பேருக்கு நடக்குதும்மா" என்றேன். சொல்லும்போதே ஆத்திரமாக வந்தது.

பிறகு தொண்டைத் தழும்பைத் தொட்டபடி சொன்னாள்.

"என் தங்கச்சியக் கண்டமங்கலத்துல கட்டிக் குடுத்துருக்கோம்ங்க. அதுக்கும் அடிக்கடி தொண்ட கட்டிக்குது."

"போனப் போடு, இப்பவே போடு" என்று அவளிடம் கத்தினேன்.