ஒசெல்லா அம்மாவின் தொப்பி

எங்கள் அலபாமா ஊரில், 1964இல், ஓட்டுரிமை கேட்டுக் கறுப்பர்கள் நாற்பத்தொரு பேர் ஆளுக்கொரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். தாள்கள் வெள்ளைக்கார ஷெரிஃப் கையில் சிக்கினால் அத்தனை பேருக்கும் வேலை போகும், வீடும் போகும். ஞாயிறு ஆராதனைக்கு வரும் வக்கீலிடம் எப்படிச் சேர்ப்பது என்று எங்கள் சபை நிர்வாகி டீக்கன் லூஷியஸும், பாட்டுக் குழுத் தலைவனான நானும், மற்ற ஆண்களும் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். உடைத்த இடம் ஒசெல்லா டாலிவரின் வீடு. தின்றது அவர் வறுத்த கோழி.

ஊர்த் துணி வெளுத்தே எட்டுப் பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர்; தாய் என்று சபையே மதிக்கும் மூத்த பெண்களில் ஒருவர். "நீங்க பேசிட்டே இருங்க. நான் என் தொப்பிக்குள்ள வச்சுத் தச்சுக் கொண்டாறேன். சபைத் தாய் தொப்பியில எவன் கை வைப்பான்?" என்றார்.

ஒருவனும் வைக்கவில்லை. ஷெரிஃபின் ஆள் கோயில் வாசலில் எங்கள் சட்டைப்பை, பைபிள், சாப்பாட்டுப் பாத்திரம் வரை துழாவிவிட்டு, உள்ளே வந்து பின்சுவரில் சாய்ந்து நின்றான். நிம்மதியில் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. எந்தப் பாட்டைக் கேட்டால் ஒசெல்லா அம்மா மேல் பரிசுத்த ஆவி இறங்குமோ, அந்தப் பாட்டையே எடுத்தேன்.

இரண்டாம் அடியில் எழுந்தார். மூன்றாம் அடியில் ஆடினார். தொப்பி பறந்தது, தையல் பிரிந்தது, தாள்கள் தரையெங்கும் சிதறின.

டீக்கன் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத் திறந்த வாய் மூடவில்லை. அப்போது முன்வரிசை பியூலா அம்மா "அல்லேலூயா!" என்று கத்திக்கொண்டு தாள்கள்மேல் விழுந்தார். அடுத்தடுத்து ஒன்பது தாய்மார் விழுந்தார்கள், மூட்டுவாதக்காரர்கள் உட்பட. ஆவியில் விழுந்த பெண்களின் கால் தெரியாமல் போர்த்துவது எங்கள் வழக்கம். அதற்கென்றே நிற்கும் வெள்ளைக் கையுறை போட்ட சபை ஊழியப் பெண்கள் ஓடிவந்து விரிப்புகளைப் போர்த்தினார்கள். தரையில் ஒரு தாள்கூடத் தெரியவில்லை.

"என்னடா நடக்குது இங்க?" என்று ஷெரிஃபின் ஆள் முன்னால் வந்தான்.

"ஆவி இறங்கியிருக்குங்க சார். கிட்ட போனா உங்க மேலயும் இறங்கிரும்," என்றேன். மனிதன் வெளியே போனவன் போனவன்தான்.

"போயிட்டானா? முட்டி பிடிச்சுக்கிச்சு, தூக்கி விடுங்கடி!" என்றது பியூலா அம்மாவின் விரிப்பு.

வக்கீல் தாள்களைச் சரிபார்த்தார். "நாப்பத்தொண்ணும் இருக்கு. ஆனா டாலிவர்ங்கிற பேரே இல்லையே?"

"ஏம்மா, நீங்க போடலையா?" என்று டீக்கன் திகைத்தார்.

"என்னை யாரு கேட்டீங்க?"

யார் யாரைக் கேட்பது என்று அவர் மேசையிலேயே உட்கார்ந்து பட்டியல் போட்டவன் நான். வெட்கத்தில் கூசிப்போய்ப் பேனாவை நீட்டினேன். அவர் நிதானமாகத் தன் மனுவை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இதை மேல வைங்க," என்றார். "உங்களோடதெல்லாம் அடியில இருக்கட்டும்."