முகத்தைத் திருப்பிக்கொண்டால் கேட்காது

எனக்குக் காது மந்தம் என்று வீட்டில் எல்லோரும் தொண்டை கிழியப் பேசுகிறார்கள். அட, கத்தாதீர்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது? உதடு தெரிந்தால் எனக்குப் போதும். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினெட்டு வருஷம் இருந்தவன் நான். நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின்கள் ஓடுகிற கூடத்தில், பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிற வித்தை எல்லோருக்கும் வந்துவிடும். இருபது அடி தள்ளி நிற்பவனோடு சத்தமே இல்லாமல் சண்டை போடலாம், அவன் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரிக்கலாம். ஒருவன் சொல்வது பிடிக்கவில்லையா, முகத்தைத் திருப்பிக்கொண்டால் தீர்ந்தது. அவன் சொல்லவே இல்லை என்றுதான் கணக்கு. திருப்பிக்கொண்டவனை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அது அங்கே வழக்கம்.

நீலகிரி பைக்காராவிலிருந்து கரண்ட் வந்து கோயமுத்தூரைச் சுற்றி மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிய காலம். நான் மேஸ்திரி. முப்பது வயதுகூட நிறையவில்லை; கோபம் மட்டும் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். என் கீழே காங்கேயத்துக்கு அப்பாலிருந்து வந்த இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவனின் தங்கையைத்தான் இளையவன் கட்டியிருந்தான். மழை பொய்த்து, எருதுகளை விற்றுவிட்டு, வேறு வழியில்லாமல் மில்லுக்கு வந்தவர்கள். இளையவனை நாங்கள் காங்கேயத்தான் என்றுதான் கூப்பிடுவோம். இருவருக்கும் எதிரெதிர் பிரேம். நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உதட்டாலேயே பேசிச் சிரிப்பார்கள். "ஏனப்பா, நூல் நூற்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று நான் கேலி செய்வேன்.

ஒரு பங்குனி மாதக் காலையில், பிரேமை ஓட்டுகிற தோல் பட்டை மூத்தவனின் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தது. துண்டு பட்டைக்குப் போவதைக் காங்கேயத்தான் முன்னாலேயே பார்த்துவிட்டான். கத்தினான். மூத்தவன் அப்போது குனிந்து அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்தான், எதிரே இருந்த உதட்டைப் பார்க்கவில்லை. மெஷினை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

ஒரு நாள் மில்லை மூடினார்கள். பூசணிக்காய் உடைத்து, சேவல் அறுத்து, பிரேமுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தோம். அப்புறமும் அதைத் தொட ஒருவனும் வரவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது: காவு வாங்கிய மெஷினைச் செத்தவனின் சொந்தக்காரன் ஓட்டினால் அது அடங்கிப்போகும், வேற்றாள் தொட்டால் இன்னோர் உயிர் கேட்கும். "ஆளைப் போடு, இல்லாட்டி நீ கிளம்பு" என்றார் மானேஜர். காங்கேயத்தானைக் கூப்பிட்டு அந்தப் பிரேமில் நிறுத்தினேன். அவன் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு போய் நின்றான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். அவன் பேசுவதைக் கூடமே பார்க்க ஆரம்பித்தது. மச்சான் விழுந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போவான். அந்த இடத்தைப் பார்த்து, "மச்சான், துண்ட எடு. மச்சான், துண்ட எடுத்துப்போடு" என்பான். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலச் சங்கு ஊதும்வரை அதே வார்த்தைகள்தான். பாபின் பாபினாக நூல் அறுந்து தொங்கும். எதிர்ப் பிரேமில் புதிதாக வந்து நின்றவன் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு பக்கத்தில் நின்றவன். ஒரு மாதத்தில் அந்தக் கூடத்தில் அவன் பக்கம் ஒரு முகம்கூட இல்லை.

ஒருநாள் வேலை முடிந்து வெளியே வரும்போது கேட்டுக்குப் பக்கத்தில் என்னை வழிமறித்தான்.

"ஏனுங்க மேஸ்திரி, சித்த நில்லுங்க. என்னை வேற பக்கம் மாத்திப்போடுங்க. பஞ்சு கூட்டற வேலையின்னாலும் செய்யறேனுங்க."

"ஏண்டா, அந்த பிரேமுக்கு என்ன கேடு?"

"அங்க நின்னா மூச்சு முட்டுதுங்க. கத்தறேன், கத்தறேன், மச்சானுக்குக் கேக்கவே மாட்டேங்குதுங்க."

"ஆம்பளையாடா நீ? வெசனம் உனக்கு மட்டும்தான் இருக்குதா? போ, மாரியாத்தா கோயல்ல மந்திரிச்சு ஒரு கயிறு கட்டிக்க. எல்லாம் சரியாப் போயிரும்."

மறுநாள் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தான். என்னமோ பெரிய வைத்தியம் பார்த்துவிட்ட மாதிரி எனக்கு ஒரே பெருமை. விரல் அறுந்தால் டிங்சர் போட அந்த மில்லில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். இந்த மாதிரி அறுந்துபோனவனுக்கு நான்தான் இருந்தேன், என் லட்சணம் அதுதான்.

ஆடி நோம்பிக்கு ஊருக்குப் போனவன் மூன்றாம் நாள் திரும்பி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அன்று மதியம் மானேஜரோடு நான் பிரேம்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். காங்கேயத்தான் என்னை நேராகப் பார்த்தான். இந்தத் தடவை அவன் மச்சானிடம் பேசவில்லை.

"மேஸ்திரி, என்னைக் காப்பாத்துங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு இங்கிருந்து எடுத்துப்போடுங்க. முடியலீங்க."

அச்சடித்த எழுத்து மாதிரி ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது. மானேஜருக்கு உதட்டுப் பேச்சு புரியாது. எனக்குப் புரிந்தது. இவனை எடுத்தால் அங்கே நிறுத்த ஆள் இல்லை, மானேஜர் முன்னால் பிரேம் நிற்கும், என் பிழைப்பு நாறும். இவ்வளவையும் கண நேரத்தில் யோசித்தேன் பாருங்கள். பக்கத்தில் இருந்த பாபின் கூடையைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி திரும்பியபோது அவன் குனிந்து ஒழுங்காக நூல் ஒட்டிக்கொண்டிருந்தான். அப்பாடா என்றிருந்தது.

சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் எல்லோரோடும் வெளியே போனான். திரும்பி வரவில்லை. அவன் கொண்டுவந்த போசியில் சோறு அப்படியே இருந்தது. சிங்காநல்லூர்க் குளத்தில் வலை போட்டுத் தேடினோம், ஒன்றும் கிடைக்கவில்லை. ஈரோடு ஜங்ஷனில் பார்த்ததாக ஒருவன் சொன்னான். அங்கேயும் போய் அலைந்தேன். அவன் இருக்கிறானா இல்லையா என்று இன்றுவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. பஸ்ஸில் யாராவது ஒரு கிழவி உதட்டுக்குள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டு வந்தால்கூட, "முடியலீங்க" என்றுதான் அந்த உதடும் சொல்கிற மாதிரி தெரியும். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்திருக்கிறேன்.

பத்து நாள் கழித்து அவன் ஊருக்குப் போனேன். ஒரே வருஷத்தில் அண்ணனையும் புருஷனையும் தொலைத்த பெண், என்னைக் கண்டதும் எழுந்து கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டாள். சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டாள்.

"ஏனுங்க, அவரு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா? முடியலைன்னு, வேற வேலைக்கு மாத்தி உடுங்கன்னு, ஒரு வார்த்தையாச்சும்?"

"இல்லீங்க அம்மணி. எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலீங்க."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை!

"அப்ப எங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கறாருங்க. நோம்பிக்கு வந்தவரு, இனி அங்க போகமாட்டேன்னு பொம்பளையாட்டம் அழுதாரு. எங்கண்ணன் உசுரையே குடுத்த எடத்துல சும்மா நிக்கறதுக்கு உங்களுக்கு நோவுதான்னு கேட்டுப்போட்டேனுங்க. அந்த ஒரு சொல்லுலதான் போயிட்டாரு. என்னாலதானுங்க."

இல்லை அம்மணி, என்னிடமும் சொன்னான், இரண்டு தடவை சொன்னான் என்று தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் சொம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கி முழுக்கக் குடித்தேன். கோயமுத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு தடவை அந்த ஊருக்குப் போனேன். இரண்டு தடவையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ராகி எப்படி, மழை எப்படி என்று விசாரித்துவிட்டு வந்தேன்.

போன தை மாதம் அவள் போய்ச்சேர்ந்தாள் என்று அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னார். கடைசி வரைக்கும் பொட்டை அழிக்கவில்லையாம். ஒருவரிடமும் உரக்க ஒரு சொல் பேசமாட்டாளாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் புருஷனைத் திட்டினால் ஓடிவந்து அவர்கள் வாயைப் பொத்துவாளாம், என் வாய்தான் என் புருஷனைத் துரத்தியது என்பாளாம். அவள் அப்படி நம்பியே செத்துப்போகும்படி விட்டவன் நான்.