சுத்தியல்காரர் தட்டிப் பார்த்த படகு

பழைய பாய்மரப் படகு வாங்க நினைக்கிறவன் முதலில் சுத்தியல்காரரைத்தான் கூப்பிடுவான். அந்தப் படகுத் துறையில் முப்பது வருஷமாக அதுதான் வழக்கம். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அது ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்தாக மட்டும் வரும். வட்டத் தலை வைத்த சின்னச் சுத்தியல், ஒரு டார்ச், முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்ள ஒரு பழைய தலையணை. அவருடைய ஆபீஸ் அவ்வளவுதான். கரையேற்றி நிறுத்திய படகின் அடிவயிற்றை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். ஃபைபர் கெட்டியாக இருந்தால் ‘டக்’ என்று வெடுக்கென்று பதில் வரும். உள்ளே ஊறிப்போயிருந்தாலோ, யாராவது பட்டி வைத்துப் பூசி மறைத்திருந்தாலோ, ‘தொப்’ என்று ஒரு சோம்பேறிச் சத்தம். அந்த இரண்டு சத்தங்களை வைத்துத்தான் வீடு கட்டினார், மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் கறார். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. “நல்ல படகுதான். மீன் வளக்கலாம், தண்ணி உள்ளேயே நிக்கும்” என்று விற்கிறவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத் தலையணையைத் தட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

காது எப்போது போனது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. தேய்க்கிற மிஷின்களின் இரைச்சலில் முப்பது வருஷம் நின்றால், காது என்ன இரும்பா? முதலில் கெட்டிலின் விசில் போயிற்று. “தண்ணி கொதிச்சு வத்தியே போச்சு, பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க மகாராசா” என்று மனைவி திட்டுவாள். ஏதோ யோசனையில் இருந்ததாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வார். எதிரே நின்று பேசுகிறவர்களை உதட்டைப் பார்த்துச் சமாளித்தார். போன் வந்தால், “கையெல்லாம் கிரீஸ், நீயே பேசு” என்று அவளிடம் தள்ளிவிட்டார். பிறகு ஒரு நாள் ஒரு படகின் அடியில் படுத்துத் தட்டும்போது ‘டக்’கும் ‘தொப்’பும் ஒன்றுபோலவே கேட்டன. அன்றைக்குப் பயந்துபோய் ரொம்ப நேரம் எழுந்திருக்காமல் கிடந்தார்.

அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? விற்கிறவனின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

தட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் கவனிப்பார். கோளாறான இடத்தைச் சுத்தியல் நெருங்க நெருங்க, விற்கிறவன் பேச்சை மாற்றுவான், பாக்கெட்டில் எதையோ தேடுவான், எச்சில் விழுங்குவான். அங்கே டார்ச்சை அடித்துப் பார்த்தால் ஒரு மயிரிழை விரிசலாவது மாட்டும். ஒன்றரை வருஷம் இந்தப் பிழைப்பு ஓடியது. ஒரு படகும் அவர் மானத்தை வாங்கவில்லை. அதனாலேயே தைரியமும் வந்துவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டரின் படகு விலைக்கு வந்தது. முப்பது அடி நீளம். கரையோரமாக ஊர் ஊராகப் போய்வரத் தோதானது. உள்ளே மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். அதற்கு ஆசைப்பட்டது வேறு யாருமில்லை, அவருடைய மாப்பிள்ளையேதான்.

“தப்பா நினைக்காதீங்க மாமா. சொந்தத்துக்குள்ள எதுக்குன்னு பாக்குறேன். வெளியாளு ஒருத்தரையும் கூப்பிட்டுக் காட்டிடலாமா?” என்று மாப்பிள்ளை பணிவாகத்தான் கேட்டார்.

சுத்தியல்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “ஊருக்கெல்லாம் என் கையெழுத்து போதும், உங்களுக்குப் போதாதா மாப்பிள்ளை?”

மாப்பிள்ளை அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

தட்டிப் பார்த்த அன்று பல் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அந்த முகத்தில் என்னத்தைப் படிப்பது? வாயைத் திறந்து அலறுகிறவர்களுக்கு முன்னால் இருபது வருஷம் புன்னகையோடு நின்று பழகிய முகம். சுத்தியல் முன்னும் பின்னும் போய்வந்தது. புன்னகை அசையவே இல்லை. சுத்தியல்காரர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

மகளும் மாப்பிள்ளையும் ஐந்து வயசுப் பேத்தி சிட்டுவும் முதல் பயணம் கிளம்புவதாக இருந்த சனிக்கிழமை காலை, இரவல் வாங்கிப்போன ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் படகுப் பட்டறை பெயிண்டர் சுத்தியல்காரர் வீட்டுக்கு வந்தான். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பேச்சுக் கொடுத்தான்.

“உங்க மாப்பிள்ளை எடுத்தது அந்தப் பல் டாக்டர் படகாமேண்ணே. போன வருஷம் பாறையில மோதிச்சே, அடிக்கட்டை ஓரமா நான்தான் பட்டி வெச்சுப் பூசினேன்.”

படகு கவிழாமல் இருக்க அடியில் கோத்திருக்கும் இரும்புக் கனத்துக்குத்தான் அவர்கள் பாஷையில் அடிக்கட்டை என்று பெயர். அது கோத்திருக்கும் இடம் விட்டுப்போனால் தண்ணீர் கேட்டுக்கொண்டு உள்ளே வராது.

“மேல் பூச்சு மட்டும் போதும்னுட்டாரு டாக்டர். நீங்க எப்படியும் தட்டிப் பாப்பீங்கன்னுதான் நான் கம்முனு இருந்தேன். தொப்புனு சொல்லியிருக்குமே. போல்ட்டெல்லாம் மாத்திட்டீங்கல்ல?”

சுத்தியல்காரர் உள்ளே ஓடி, மேஜை மேலிருந்த மனைவியின் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். “கண்ணு, கிளம்பாதீங்க. கிளம்பியிருந்தா அப்படியே திரும்பிடுங்க” என்று கத்தினார். அந்தப் பக்கத்தில் யாரோ ஏதோ சொன்னார்கள். காதை மாற்றி வைத்துப் பார்த்தார். இரைச்சல்தான் இருந்தது, வார்த்தை ஒன்றுகூடப் பிடிபடவில்லை.

மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். அவர் போனை நீட்டினார். “எனக்குக் கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல. நீ கேட்டுச் சொல்லு.”

அவள் ஒரு கணம் அவரை வெறித்துப் பார்த்தாள். பிறகு போனைக் காதில் வைத்துக் கேட்டாள். அவருக்குத் தெரிகிற மாதிரி முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

“கிளம்பி ஒரு மணி நேரம் ஆச்சாம். சிட்டு உள்ள படுத்துக்கிட்டு, தரைக்கு அடியில தண்ணி சலசலங்குதுன்னு அப்பவே புடிச்சு சொல்லிட்டே இருக்காளாம். தாத்தா தட்டிப் பாத்த படகுடி, ஒண்ணும் இருக்காது, தூங்குன்னு நம்ம பொண்ணு அதட்டியிருக்கா.”

“பாயை இறக்கச் சொல்லு. மூணு பேரையும் மிதவைச் சட்டை போடச் சொல்லு. மாப்பிள்ளைகிட்டத் தரைப் பலகையைத் தூக்கிப் பாக்கச் சொல்லு.”

அவள் வரிசையாகச் சொன்னாள். ஏணியோடு வந்த பெயிண்டர், தன் போனில் கடலோரக் காவல் படையைக் கூப்பிட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றான். “பலகையைத் தூக்குறாராம்” என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். சுத்தியல்காரர் அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார். ஒன்றரை வருஷமாக முகம் பார்த்துப் பழகியவர். அவள் எச்சில் விழுங்குவது நன்றாகத் தெரிந்தது.