ஒளிவீசும் பிழைகள்

என் பிழைகள் ஒளிவீசுகின்றன என்று நான் மனதார நம்பியிருந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. பினாங்கில் ஆங்கிலப் பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்து வாத்தியார் என் ரிப்போர்ட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது இரண்டே சொல்: ‘கிளேரிங் மிஸ்டேக்ஸ்’. மிஸ்டேக் எனக்கு நெருங்கிய சொந்தம், கிளேரிங்தான் புதிது. அக்காவின் அகராதியைப் புரட்டினேன். ‘கண்கூசும்படி ஒளிர்கிற’ என்றிருந்தது. அதற்குமேல் படிப்பானேன்? தப்பே இப்படி ஜொலிக்கிறதென்றால், சரியாக எழுதினால் ஊர் தாங்குமா!

ரிப்போர்ட் மோசமென்றால் படிப்பை நிறுத்தி, பாலிக் புலாவில் பெரியப்பா தோட்டத்துக்கு ஜாதிக்காய் பொறுக்க அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். ஆகவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நானே அர்த்தம் சொன்னேன். துறைமுக ஆபீஸில் எழுத்துவேலை பார்க்கும் கிராணியாக இருந்த அப்பா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அப்படியா தம்பி? அப்ப வாத்தியாருக்கு நன்றி சொல்லணும்லா. கிளம்பு.”

அவர் சட்டை மாற்றுவதற்குள் அக்கா அகராதியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். “ரெண்டாவது அர்த்தத்த யாருடா படிப்பா, பெரியப்பாவா?”

‘பிழை முதலியவற்றில்: யார் கண்ணுக்கும் தப்பாத.’

வயிற்றுவலி என்றேன், அப்பா ஓமத் தண்ணீர் கொடுத்தார். கால் சுளுக்கு என்றேன், ரிக்‌ஷா கூப்பிட்டார். வழியில் பசாரில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி என் மடியில் வைத்தார். வாத்தியார் வீடு வருவதற்குள், ஜாதிக்காய்க்குக் குனிந்து குனிந்து எனக்குக் கூன் விழுவதுவரை யோசித்து முடித்துவிட்டேன்.

என்னை வாசலில் நிறுத்திவிட்டு அப்பா உள்ளே போனார். ஆங்கிலத்தில் ஏதோ பேச்சு. பிறகு இருவரும் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. வாத்தியார் வெளியே வந்து என் தலையைத் தடவினார்.

“மின்னுற பெடியன் நீதானோ?”

வாழைப்பழம் வேலை செய்துவிட்டது, மனுஷர் காட்டிக்கொடுக்கவில்லை என்று முருகனுக்கு நன்றி சொன்னேன்.

காட்டிக்கொடுக்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. நானும் கிராணியாகி, அப்பா எழுதிய பழைய கடித நகல்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. அரிசி மூட்டை நனைந்து வந்தபோதெல்லாம் கப்பல்காரனுக்கு ஒரு கடிதம். கப்பல்காரன் தப்பைச் சுட்ட ‘கிளேரிங்’ என்ற சொல் இல்லாத கடிதமே கிடையாது.

அன்று அவர் போனது, சனிக்கிழமைகளில் எனக்குத் தனியாக ஸ்பெல்லிங் சொல்லித்தரும்படி கேட்பதற்கு.