மஞ்சள் முடிச்சில் போன செலவுக்காசு

இந்தியாவுக்குப் போவதென்று முடிவானதுமே அப்பாவுக்கு வயிற்றால் போகத் தொடங்கிவிட்டது. பயணத்துக்கு இன்னும் நாள் கிடந்தது. அதற்குள்ளேயே மனிதர் பாதியாக இளைத்துப்போனார். பயப்படுவதில் நான் அப்பாவின் பிள்ளை என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். அது பொய்யில்லை.

நாங்கள் அப்போது தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்தெடுக்கிற வேலை. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அதிகம் படிக்கவில்லை, நானும் கொழுந்துக் கூடையைத் தூக்கிவிட்டேன். அம்மாவுடன் பிறந்த அக்கா, என் பெரியம்மா, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். இரண்டு அரசாங்கமும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டபோது அவர்களுக்கு அந்த நாடு என்று எழுதி வந்தது, எங்களுக்கு இந்த நாடு என்று எழுதி வந்தது. ரயிலடியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதது எனக்குக் கனவு மாதிரி ஞாபகம் இருக்கிறது.

பெரியம்மா மகள் பெரியபிள்ளை ஆகிவிட்டாளென்றும் சடங்கு வைக்கிறார்களென்றும் செய்தி வந்தது. தாய்மாமன் சீர் வைக்காமல் சடங்கா? மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் வேலைக்கு நின்றார். அவருக்குப் பாஸ்போர்ட் வரவில்லை. அதனால் சீர்க்காசை அம்மா கையில் கொடுத்துவிடுவதென்று ஆயிற்று. அதோடு அம்மா ஆட்டுப்பால் விற்றும் சீட்டுப் பிடித்தும் சேர்த்த காசும் இருந்தது. அந்தக் காசில்தான் பழனியும் மதுரையும் பார்க்க வேண்டும், பெரியம்மாவுக்கு ஒரு சேலை எடுக்க வேண்டும். சிலோன்காரத் தங்கச்சி வெறுங்கையோடு வந்தாள் என்று அந்த ஊரில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் பெரியம்மா தலை குனிந்துபோவாள். அம்மாவுக்கு அதுதான் கவலை.

ஆனால் அரசாங்கம் கொண்டுபோக விட்ட காசு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும்தான் காணும். மற்றதை எப்படிக் கொண்டுபோவது?

வரிசை வீடாகக் கட்டிய லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், அதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனது. சேலைக் கரையில் வைத்துத் தைக்கலாம் என்று அம்மா சொன்னாள். தலைமன்னாரில் பொம்பளை ஆபீசர்கள் கரையைத்தான் முதலில் தடவுவார்களாம் என்று அப்பா எங்கேயோ கேட்டு வந்தார். நகையாக வாங்கிப் போட்டுக்கொண்டு போய் அங்கே விற்கலாமே என்றால், போட்டிருக்கிற நகையை எழுதி வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது எங்கே என்று கேட்பார்களாம். கராம்புக்கு அங்கே நல்ல விலை என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாமா கொஞ்சம் கராம்பை வாங்கி வந்து தலையணையில் பஞ்சுக்கு நடுவே அடைத்துக் கொடுத்தார். அப்பா பரீட்சைக்கு அதில் ஒரு தூக்கம் தூங்கிப் பார்த்தார். எழுந்தபோது அவர் தலைமயிர் வரைக்கும் வாசம். பக்கத்துக் காம்பராக்காரி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "என்ன, இன்னைக்குப் புரியாணியா?" என்று கேட்டாள். அதோடு தலையணையும் போயிற்று.

மாமாவின் முதலாளி ஒரு வழி சொன்னார். காசை இங்கே அவர் கையில் கொடுத்தால், அங்கே கீழக்கரையில் அவருடைய மச்சினன் எங்களுக்குக் கொடுப்பார். நல்ல மனிதர், யாரையும் ஏமாற்றியதாகப் பேச்சில்லை. அப்பா ஒரு துண்டு எழுதித் தரக் கேட்டார். துண்டு எழுதினால் முதலில் அகப்படுவது அந்தத் துண்டுதான் என்று முதலாளி சிரித்தார். அப்பா கடைவாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தார், வெற்றிலை வாங்கினார், பிறகு காசையும் மடியிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் பார்த்தார். பிறகு என்னை மட்டும் பார்த்தார்.

"மச்சான், ஒளிக்கிறதத்தான் தேடுவாங்க. எல்லாரும் பாக்கிற மாதிரி கொண்டுபோனா யாரு தேடப்போறா?"

அவர் சொன்னது சாமி முடிச்சு. பிள்ளைக்கு நோய் நொடி என்றால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமிக்கென்று வைப்பது எங்கள் வழக்கம். கோயிலுக்குப் போகிற மட்டும் அந்த முடிச்சை யாரும் அவிழ்க்க மாட்டார்கள், அவசரத்துக்கும் அந்தக் காசைத் தொட மாட்டார்கள். நோட்டுகளைச் சுருட்டி உள்ளே வைத்து, மேலே ஒரு சில்லறைக் காசை வைத்து முடிந்து, என் இடுப்பில் கட்டிவிட வேண்டும். கேட்டால், பிள்ளை பயந்த பிள்ளை, பழனிக்கு நேர்ந்திருக்கிறோம் என்று சொல்லலாம்.

"இந்த மூஞ்சியப் பாத்தா யாரு நம்பாம இருப்பா?" என்று மாமா என் கன்னத்தைக் கிள்ளினார்.

அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. சாமி பேரைச் சொல்லி ஏமாற்றுவதா என்றார். அம்மா வழக்கம்போல நடுவில் ஒரு வழி கண்டாள். மேலே இருக்கிற சில்லறைக் காசு நிஜமாகவே முருகனுக்கு, உள்ளே இருப்பது நமக்கு, முடியும்போது சாமி பேரை வாயால் சொல்ல மாட்டேன் என்றாள். அப்படியே மஞ்சள் அரைத்துத் துணியை நனைத்துக் காயவைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு முடிந்தாள்.

அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. பொல்காவலையில் ரயில் மாறினோம், மன்னார்ப் பக்கம் பனைமரம் பார்த்தோம் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். வழி முழுக்க என் கை இடுப்பிலேயே இருந்தது. தொட்டால் சந்தேகப்படுவார்கள் என்று கையை எடுப்பேன். எடுத்தால் விழுந்திருக்குமோ என்று திரும்பத் தொடுவேன்.

தலைமன்னாரில் பொம்பளைகளைத் தனியாக ஒரு மறைப்புக்குள் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த ஆபீசரம்மா சிங்களவர், எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சரைப் போல கொண்டை போட்டவர். அம்மாவின் சேலைக் கரையைத் தடவினார். அப்பா கேள்விப்பட்டது சரிதான். பிறகு என்னைப் பார்த்தார். என் பல் கிட்டித்துக்கொண்டது. சட்டையைத் தூக்கி முடிச்சைக் கண்டு இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார்.

அம்மாவுக்கு அரைகுறைச் சிங்களம்தான். அவள் சொல்லவேண்டும் என்று பாடமாக்கி வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. என் தலையில் கையை வைத்து, "பய," என்று மட்டும் சொன்னாள். பயத்துக்கு அவர்கள் சொல்வதும் அதுதான். அது பொய்யும் இல்லை.

ஆபீசரம்மா முடிச்சைக் கையில் ஏந்தினார். சிங்கள ஆட்கள் வெள்ளைத் துணியில் காசு முடிந்து கதிர்காமத்து முருகனுக்குக் கொண்டுபோவதை நாங்கள் பதுளையில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம். அவர் கதிர்காமத்துக்கா என்று கேட்டார். அம்மா, அந்தச் சாமிதான், இந்தியாவில் இருக்கிற கோயிலுக்கு என்று எப்படியோ புரியவைத்தாள். அவர் முடிச்சை அவிழ்க்கவில்லை. தன்னுடைய கைப்பையைத் திறந்து ஒரு காசை எடுத்து நெற்றியில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு அதை முடிச்சின் இடுக்கு வழியாக உள்ளே செருகினார். என் தலையைத் தடவி, பயப்படாதே மகளே என்ற மாதிரி ஏதோ சொன்னார்.

கப்பலில் ஏறியதும் அம்மா சிரித்துக்கொண்டே இதை அப்பாவிடம் சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். ராமேஸ்வரத்துக் கரையிலும் சோதித்தார்கள். அங்கே மஞ்சள் துணியைக் கண்டதும் விலகிக்கொண்டார்கள். வெளியே வந்து அம்மா முடிச்சை அவிழ்க்கப் போனபோதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"அவுக்காத. அது இனி நம்ம காசில்ல."

அம்மா திகைத்துப்போனாள். "சாமி பேர நான் சொல்லவே இல்லையேங்க. வாயால சொன்னாத்தானே நேர்த்தி?"

"நீ சொல்லல. அந்தம்மா சொன்னாங்க. நம்ம புள்ளைக்காகக் கும்புட்டு காசும் போட்டாங்க. அதுக்கப்புறம் எடுத்துச் செலவு பண்றதா?"

அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அப்பா அதட்டவும் இல்லை, கோபப்படவும் இல்லை. எடுத்தால் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடும் என்று மட்டும் சொன்னார். அந்தப் பிள்ளை நான்தான்.

அப்படியே துறையூர்ப் பக்கம் பெரியம்மா ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஒரு சீப்பு வாழைப்பழம்தான் கையில். அக்காவும் தங்கச்சியும் அழுது முடித்த பிறகு, பெரியம்மாவின் மாமியார் அந்த வாழைப்பழத்தைப் பார்த்தாள், எங்கள் பைகளைப் பார்த்தாள். "சிலோன்ல பஞ்சமாக்கும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. சடங்குக்கு நாள் நெருங்கிவிட்டது. தாய்மாமன் தட்டில் வைக்க ஒன்றும் இல்லை. முடிச்சு மட்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது.

பெரியம்மாவிடம் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பெரியம்மா எதற்கும் சிரிக்கிறவள்.

"ஏன் தம்பி, முருகன் சிலோன் நோட்ட வச்சிக்கிட்டு என்ன செய்வாரு? அவரும் எங்களமாதிரி திருச்சிக்குப் போயி மாத்தத்தானே வேணும்?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா அதற்கும் மசியவில்லை. கடைசியில் பெரியம்மாதான், சாமியையே கேட்டுவிடலாம் என்றாள். ஊர் எல்லையில் முருகனுக்கு ஒரு சின்னக் கோயில் இருந்தது. அங்கே பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் இலையில் கட்டிச் சாமி காலடியில் போட வேண்டும். ஒரு குழந்தை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் காசு எங்களுக்கு. சிவப்பு வந்தால் முடிச்சோடு பழனி உண்டியலில் போட்டுவிட வேண்டும். அப்பா அதற்கு ஒப்புக்கொண்டார். ஆனால் பொட்டலத்தைத் தான்தான் கட்டுவேன் என்றார். பொம்பளைகள் கட்டினால் ஏதாவது செய்துவிடுவீர்கள் என்று சொல்லி, நந்தியாவட்டையும் சிவப்பு அரளியும் பறித்துக்கொண்டு கோயிலுக்குப் பின்பக்கம் தனியாகப் போனார். வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது அவருடைய கை நடுங்கியதை நான் பார்த்தேன். எனக்கும் நடுங்கியதால் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

எடுக்கிற குழந்தை நான்தான். இரண்டு பொட்டலமும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றை எடுத்தால் அம்மா அழுவாள், மற்றதை எடுத்தால் அப்பாவுக்கு வருத்தம் வரும். எது எது என்று தெரியாது. பெரியம்மா, "சும்மா எடு சாமி," என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளை.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா என்னைத் தூக்கிச் சுற்றினாள். அப்பா சாமிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்கவே மாட்டார் என்று தோன்றும்படி அவ்வளவு நேரம் கிடந்தார்.

எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எனக்கு மனம் கேட்கவில்லை. மற்றதை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மெல்லப் போய் அந்தப் பொட்டலத்தை விரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளைதான். இந்தப் பிள்ளை பயந்த பிள்ளை, எதை எடுத்தாலும் தப்பாகிவிடக்கூடாது என்று முருகனே பூவை மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். வெளியே சொன்னால் அற்புதம் கெட்டுப்போகும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சீர் நன்றாக நடந்தது. அம்மா பட்டுப்பாவாடையும் வளையலும் வெற்றிலை பாக்கும் பழமுமாகத் தட்டு நிறைத்து வைத்தாள். மாமியார் வாயைத் திறக்கவில்லை. பெரியம்மாவுக்குப் பச்சைச் சேலை. பழனிக்குப் போய் எங்கள் சில்லறைக் காசையும் ஆபீசரம்மாவின் காசையும் உண்டியலில் போட்டோம். மதுரையில் எனக்கு ஒரு ரிப்பன் கிடைத்தது.

தோட்டத்துக்குத் திரும்பி வந்து, மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் அம்மா துணி வெளுத்தபோது, அப்பாவின் சட்டைப் பையிலிருந்து காய்ந்துபோன ஒரு சிவப்பு அரளி விழுந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கோயில் பூவா அம்மா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அதைத் தூக்கிப் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்த வருஷம் கதிர்காமத்தில் கொடியேறியபோது அப்பா ஸ்டோரில் லீவு போட்டுவிட்டு நடந்தே கதிர்காமம் போகப்போவதாகச் சொன்னார். நாயைக் கண்டால் வேலிக்கு அந்தப் பக்கம் போகிற மனிதர், காட்டு வழியாக நடந்து போகிறாரா என்று லயமே சிரித்தது. என்ன நேர்த்தி மச்சான் என்று மாமா கேட்டதற்கு, சும்மாதான் என்றார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைக் கட்டிக் கொடுத்து, அந்த மஞ்சள் துணியைத் துவைத்து மடித்து அவர் தோளில் போட்டு, ரோட்டு முனை வரைக்கும் கூடவே போனாள்.

நான் லயத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்கு இருந்த ஒரே கவலை, அந்தக் காட்டில் யானை வருமே என்பதுதான்.