தொட்டில் அறைக்கு வந்த அக்கா

அத்திப்பட்டில், புதர் வெட்டி முதன்முதலாகப் பயிர் வைத்த குடும்பத்தின் பண்ணை வீட்டைப் பழமை மாறாமல் வைத்து, பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அங்கே சுற்றிக்காட்டுவது என் வேலை.

ஒரு நாள் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் தனியாக வந்தார். மரத்தொட்டிலைக் கண்டதும் தடுப்புக் கயிற்றைத் தாண்டிக் கை நீட்டினார்.

"அக்கா, தொடக்கூடாது," என்றேன்.

"நான் இந்த வூட்டு மருமவம்மா. என் புள்ள இதுலதான் தூங்கினு இருந்தான். ஜொரம் வந்து இதுலயே பூட்டான். அப்பால நெலத்த வித்துட்டு நாங்களும் பூட்டோம்."

தினமும் நான் சிரித்த முகத்தோடு விளக்கும் தொட்டில் அது. கயிற்றை அவிழ்த்தேன். மற்ற பார்வையாளர்களை வெளியே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே தொட்டில் ஆடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

வெளியே வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெனம் இங்க பெருக்குறியாம்மா?" என்று கேட்டார்.

"பெருக்குறேன்க்கா."

தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

அந்த வீட்டில் யார் வாழ்ந்தார்கள், என்ன விதைத்தார்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். யார் அழுதார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அந்தக் குழந்தையின் பெயரைக்கூட அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.