ஆலமரத்துக்குப் போர்த்திய கம்பளி

பரோட்டாக் கல்லின் முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு முதலில் கூதல் அடித்தது. தொட்டால் தோல் வெந்துபோகும் கல் அது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டு நான் நடுங்கினேன். கார்த்திகை முடியப்போகிற நேரம். திண்டுக்கல்லில் இந்த வருடம் பனி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட வேலை பார்க்கும் செல்வம் சும்மா இருக்கவில்லை. "மாஸ்டர், பேசாம கல்லு மேல ஏறிப் படுங்க. ரெண்டு பக்கமும் திருப்பிப் போட்டு எடுக்குறேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் பெரியவர் யாராவது திடீரென்று சோர்ந்து, எதற்கும் நேரமெடுத்துக்கொண்டு இருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் மொட்டை மாடியில் ஓர் ஆலமரம் இருக்கிறது. உயரம் ஒரு முழம்தான். போன்சாய் (மரத்தை ஆழமில்லாத தட்டில் வைத்து, வேரையும் கிளையையும் வெட்டிவிட்டுக் குட்டையாகவே வளர்ப்பது). சுவர் இடுக்கில் முளைத்திருந்ததை நானும் என் மகள் நஸ்ரீனும் எடுத்து வந்து ஆறு வருடமாக வளர்க்கிறோம். அவள் இப்போது ஏழாவது படிக்கிறாள்.

எனக்கே இப்படிக் குளிர்கிறதே, இரண்டு பிடி மண்ணில் நிற்கும் அதற்கு எப்படி இருக்கும்? கீழே கொண்டுவந்து சமையலறை மூலையில் வைத்தேன். கம்பளியைச் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் கவரையும் மாட்டினேன். காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன்.

"மரத்துக்குமா அத்தா கூதலடிக்கும்?"

"ஏன் அடிக்காது? அதுக்கும் உசுரு இருக்குல்ல."

"மூச்சு முட்டிறப் போகுது" என்றாள். நான் கேட்கவில்லை.

பதினைந்து நாளில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. மண்ணில் புளித்த வாடை வந்தது. "செத்துருச்சா?" என்று ஒரு தடவை கேட்டதோடு சரி, நஸ்ரீன் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

அகரம் பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் சரசு அக்காவிடம் தட்டோடு போனேன். அவர் மண்ணைக் கிளறி முகர்ந்து பார்த்தார்.

"பாய், இதுக்கு ஒரு நோவும் இல்ல. நீங்கதான் இருட்டுல வச்சு, தண்ணியா ஊத்தி, வேரை அழுக வச்சுருக்கீங்க. நம்ம ஊருப் பனி ஆலமரத்த என்ன செய்யும்? காத்து மூஞ்சியில அடிக்காம செவுத்தோரம் வைங்க. காலை வெயிலு படணும். மேல்மண்ணு காஞ்சாத்தான் தண்ணி, அதுவும் காலையில மட்டும்."

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது கெடக்கட்டும். உச்சி வெயில்ல யாரு பாய் மங்கி குல்லா போடுறது? எனக்கு வேர்த்து ஊத்துது. மூஞ்சி வேற வீங்கிக் கெடக்கு. மொதல்ல நீங்க டாக்டரப் பாருங்க."

திரும்பி வரும் பேருந்தில் ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. என்னைத் தவிர யாரும் ஸ்வெட்டர் போடவில்லை. இத்தனை நாள் இது எப்படி என் கண்ணில் படாமல் போனது?

டாக்டர் என் குதிகாலுக்கு மேலே சிறு சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று அசைந்தது, பழைய இடத்துக்கு மெல்லத்தான் திரும்பியது. "பாத்தீங்களா, திரும்பிப் போக யோசிக்குது" என்றார். எனக்கும் வேடிக்கையாக இருந்தது. இன்னொரு தடவை தட்டச் சொன்னேன்.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. ஹைப்போதைராய்டிசம் (கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி போதுமான அளவு சுரக்காமல் இருப்பது). உடம்பின் அடுப்பை யாரோ சிம்மில் வைத்துவிட்டது போல. தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, டீ அப்புறம்தான்.

"எப்ப சரியாகும் டாக்டர்?"

"மாத்திரை இன்னைக்கே வேலையைத் தொடங்கிரும். அது உங்களுக்குத் தெரிய நாளாகும். ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பாப்போம்."

வீட்டில் அழுகிய வேர்களை வெட்டிவிட்டு, தண்ணீர் நிற்காத புது மண்ணில் ஆலமரத்தை வைத்தோம். நஸ்ரீன் நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார்த்தாள். "கீழ்க்கிளை காஞ்சுபோச்சுத்தா. தண்டுல பச்சை இருக்கு."

பிறகு எங்களுக்குக் காத்திருப்பதுதான் வேலை. அவசரப்பட்டு இரண்டு மாத்திரை போட முடியாது, இரண்டு குடம் தண்ணீரும் ஊற்ற முடியாது. ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும் நாட்களிலும் உள்ளே ஏதோ நடந்துகொண்டிருக்கும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். ஐந்தாவது வாரம் நுனியில் சிவப்பாக ஒரு கூர்மொட்டு வந்தது. அதே வாரம் கல்லின் முன்னால் எனக்கு வேர்த்தது. செல்வத்தைக் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கீழ்க்கிளை மட்டும் பிழைக்கவில்லை. அதை வெட்டிவிட்டோம். மாத்திரை எனக்கு இன்னும் தொடர்கிறது.

ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த மார்கழியில் ஆலமரம் மாடியிலேயே, சுவரோரம் நிற்கிறது. போன வாரம் விடிகாலையில் விழித்தபோது எனக்குக் குளிர்ந்தது. உடனே பயம் வந்துவிட்டது. இது வெளியே இருக்கும் குளிரா, எனக்குள் இருப்பதா? என் உடம்பு சொல்வதை நான் இப்போதெல்லாம் உடனே நம்பிவிடுவதில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் படுத்திருந்த நஸ்ரீன் போர்வைக்குள் சுருண்டுகொண்டு முனகினாள்: "ஃபேன நிப்பாட்டுங்கத்தா. கூதலடிக்குது."

எழுந்து போய் நிறுத்தினேன். அத்தனை சந்தோஷமாக நான் குளிரில் நடுங்கியதே இல்லை.